புகையைத் திரும்பக் குடிக்கும் டீசல் எஞ்சின்

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலனை இழுத்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும் பழைய லோரி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் எண்ணெயை மிதித்ததும் புகைக்குழாயிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு மேகம் கிளம்புகிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டி மூக்கைப் பொத்திக்கொள்கிறார். காரில் வருபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு வார்த்தை திட்டுகிறார். சற்று நேரத்தில் அதே மேம்பாலத்தில் இன்னொரு லோரி ஏறுகிறது. புகையே இல்லை. "இவர் வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்" என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், புகை விடாத அந்த இரண்டாவது லோரி, முதல் லோரியைவிட அதிகமாக ஒரு நச்சு வாயுவைக் கக்கிக்கொண்டு போகவும் வாய்ப்பு உண்டு. புகைக்குழாயிலிருந்து வரும் அளவில் அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. அதனால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை, யாரும் திட்டுவதும் இல்லை. அதன் பெயர் நைட்ரஜன் ஆக்சைடு. அதைக் குறைப்பதற்காக டீசல் எஞ்சினில் பொருத்தப்படும் ஓர் அமைப்பைத்தான் பட்டறைகளில் 'இ.ஜி.ஆர்.' என்கிறார்கள். வெளியேறும் புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது. தமிழில் வெளியேற்று வாயு மறுசுழற்சி என்று சொல்லலாம்.

லோரி வைத்திருப்பவர்களுக்கும், பிக்அப் வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இந்தப் பெயர் நன்றாகவே பழக்கம். "அதை அடைத்துவிடுங்கள், எஞ்சின் சுத்தமாக இருக்கும்" என்ற ஆலோசனையும் பழக்கம்தான். எதை அடைக்கிறோம், அடைத்தால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை.

நல்ல நெருப்பின் கெட்ட குணம்

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து முதல் பதினெட்டு மடங்கு வரை நெருக்கி அழுத்துவார்கள். அந்த அழுத்தத்திலேயே காற்று பழுக்கக் காய்ந்துவிடும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். எரியும் சுவாலையின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும்.

சிக்கல் அந்த வெப்பத்தில்தான் தொடங்குகிறது. உள்ளே இழுத்த காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். நைட்ரஜன் பரம சாது. யாரோடும் சேராது, நெருப்பிலும் கலக்காது, வந்த வழியே போய்விடும். மனிதன் மூச்சில் இழுக்கும் நைட்ரஜனும் அப்படித்தான் உள்ளே போய் வெளியே வருகிறது. ஆனால், வெப்பம் ஏறக்குறைய 1,500 டிகிரியைத் தாண்டியதும் அந்தச் சாதுவும் மிரண்டுவிடுகிறது. ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறிவிடுகிறது. இது நடக்கும் விதத்தை 1940களில் விளக்கியவர் யாக்கோவ் செல்டோவிச் என்ற சோவியத் விஞ்ஞானி. அதற்கு மேல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் நைட்ரஜன் ஆக்சைடு மளமளவென்று பெருகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரும்புகை என்பது அரைகுறையாக எரிந்த எரிபொருளின் கரி. அது நெருப்பின் குறை. நைட்ரஜன் ஆக்சைடோ நெருப்பு நன்றாக, சூடாக, முழுமையாக எரிவதால் பிறப்பது. அது பெரும்பாலும் டீசலிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகிறது. எவ்வளவு உயர்ந்த டீசலை ஊற்றினாலும், எஞ்சினை எவ்வளவு கச்சிதமாகச் சரிசெய்தாலும் இது போகாது. சொல்லப்போனால், எஞ்சின் சிக்கனமாகவும் பலமாகவும் ஓடும்போதுதான் இது கூடுகிறது. கெட்ட நெருப்பைத் திருத்துவது எளிது. நல்ல நெருப்பை என்ன செய்வது?

இந்த வாயு மனிதனுக்கு என்ன செய்கிறது? காற்றில் கலந்தபின் நைட்ரஜன் டைஆக்சைடாக மாறி மூச்சுக்குழாயை அரிக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டுகிறது. வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகிறது. மேலே வானில் இருக்கும்போது பாதுகாக்கும் ஓசோன், கீழே தெருவில் இருந்தால் நுரையீரலுக்குப் பகை. ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் நாடுகளில் இது சாதாரண விஷயம் அல்ல. கரிக்கும் நல்ல பெயர் இல்லை. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன் மாதத்தில் உறுதியாகவே அறிவித்தது. ஆக, கண்ணுக்குத் தெரியும் கரி, கண்ணுக்குத் தெரியாத வாயு, இரண்டுமே குறைய வேண்டும்.

பெட்ரோல் காரில் புகைக்குழாயில் ஒரு வினையூக்கியைப் பொருத்தி நைட்ரஜன் ஆக்சைடை அங்கேயே உடைத்துவிடுகிறார்கள். அந்த வேலை நடக்க, புகையில் மிச்ச ஆக்சிஜன் இருக்கக்கூடாது. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை இழுப்பதால் அதன் புகையில் ஆக்சிஜன் தாராளமாக மிஞ்சும். எனவே பெட்ரோல் காரின் வைத்தியம் டீசலுக்குப் பலிக்காது.

ஈர விறகின் பாடம்

தோட்டப்புறத்தில் விறகடுப்பு எரித்தவர்களுக்கு இ.ஜி.ஆர். தத்துவம் புதிதல்ல. காய்ந்த விறகு சுள்ளென்று எரியும். ஈர விறகு அப்படி எரியாது. உள்ளே இருக்கும் நீர் வெப்பத்தைத் தின்றுவிடும். நெருப்பு சோம்பலாக எரியும், அனல் குறையும்.

எஞ்சினுக்குள்ளும் அதைத்தான் செய்கிறார்கள். ஒருமுறை எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. கரியமில வாயுவும் நீராவியும் அதிகம். அதில் ஒரு பங்கைப் பிடித்துப் புதுக் காற்றோடு கலந்து திரும்ப உள்ளே அனுப்பினால், எரியும் இடத்தில் ஆக்சிஜன் அடர்த்தி குறைகிறது. எரிய உதவாத கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. சுவாலையின் உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் மிரளாமல் வெளியே போய்விடுகிறது. ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் புகையைத் திருப்பினாலே நைட்ரஜன் ஆக்சைடு ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும்.

எவ்வளவு திருப்புவது என்பதை எஞ்சினின் கணினி நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. சமதரையில் சீராக ஓடும் காரில் பாதிவரைகூடத் திருப்பலாம். முழுச் சுமையோடு மேடு ஏறும்போது எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றெல்லாம் வேண்டும். அப்போது வால்வு மூடிக்கொள்ளும், அல்லது மிகச் சிறிதாகத் திறந்திருக்கும்.

புகைக்குழாயிலிருந்து உள்ளிழுக்கும் குழாய்க்கு ஒரு கிளைக் குழாய், நடுவில் ஒரு வால்வு. இவ்வளவுதான் ஆரம்பகால அமைப்பு. பிறகுதான் 'கூலர்' வந்தது. பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகையை அப்படியே உள்ளே விட்டால் காற்றும் சூடாகிவிடும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அதனால், எஞ்சினைக் குளிரவைக்கும் அதே நீரைச் சுற்றிலும் ஓடவிட்டு, நடுவில் மெல்லிய குழாய்கள் வழியாகப் புகையைச் செலுத்திக் குளிரவைக்கிறார்கள். ஒருபக்கம் நெருப்பு போன்ற புகை, மறுபக்கம் நீர், இடையில் மெல்லிய தகடு. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற பல தொல்லைகள் இங்கிருந்துதான் கிளம்பின.

கொடுக்க வேண்டிய விலை

ஈர விறகுக்கு இன்னொரு குணமும் உண்டு. அனல் குறையும்போது புகை கூடும். எஞ்சினும் இதற்கு விலக்கல்ல. ஆக்சிஜனைக் குறைத்தால் கரி முழுமையாக எரியாது. நைட்ரஜன் ஆக்சைடு இறங்கினால் கரி ஏறும். கரியை இறக்கினால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். டீசல் பொறியாளர்களின் வாழ்க்கையே இந்த ஏற்றப்பலகையின் இரு முனைகளுக்கு நடுவில்தான் கழிகிறது.

கூடுகிற கரி எங்கே போகும்? ஒரு பங்கு வெளியே போகும். இன்னொரு பங்கு திருப்பி அனுப்பிய புகையோடு எஞ்சினுக்குள்ளேயே வரும். உள்ளிழுக்கும் குழாயில் எஞ்சின் எண்ணெயின் ஆவியும் கொஞ்சம் கலந்திருக்கும். கரியும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? தார். குழாயின் உட்சுவரில் விரல் பருமனுக்கு அப்பிக்கொண்டு, காற்று போகும் வழி நாளுக்கு நாள் சுருங்கும். வால்வு திறந்தபடியோ மூடியபடியோ சிக்கிக்கொள்ளும். வண்டி இழுவை இழக்கும். பட்டறையில் அந்தக் குழாயைக் கழற்றிக் காட்டும்போது உரிமையாளர் அதிர்ந்துபோவதில் வியப்பில்லை. நகருக்குள்ளேயே மெதுவாகச் சுற்றும் வண்டிக்கும், எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கும் இது சீக்கிரம் வரும்.

எஞ்சின் எண்ணெயிலும் கரி இறங்கும். அந்த எண்ணெய் கெட்டிப்படும், தேய்மானம் கூடும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் 'சிஐ-4' என்ற புதிய எண்ணெய்த் தரத்தைக் கொண்டுவந்ததற்கு முதன்மைக் காரணமே இ.ஜி.ஆர். பொருத்திய லோரி எஞ்சின்கள்தாம். இன்றும் பட்டறைகளில் எண்ணெய் டின்களின் மேல் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம். பார்த்து வாங்குபவர்கள் குறைவு என்பது வேறு கதை.

கந்தகத்தின் தொல்லை தனி. டீசலில் கந்தகம் அதிகம் இருந்தால், கூலரில் புகை குளிரும்போது கந்தக அமிலம் துளித்துளியாகப் படிந்து தகட்டை அரிக்கும். சிங்கப்பூர் டீசலின் கந்தக அளவை 2005ஆம் ஆண்டில் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2013ஆம் ஆண்டில் 10 பங்காகவும் குறைத்தது. மலேசியாவில் 500 பங்கு வரை கந்தகம் இருந்த டீசல்தான் நெடுங்காலம் விற்பனையில் இருந்தது. 10 பங்கு மட்டுமே கொண்ட 'யூரோ 5' டீசல் நாடு முழுவதும் கட்டாயமானது 2021 ஏப்ரலில்தான். இ.ஜி.ஆர். மீது லோரிக்காரர்களுக்கு இருக்கும் பழைய கோபத்தில் நியாயமான ஒரு பங்கு, அந்தக் கந்தகத்தின் மீது திரும்பியிருக்க வேண்டியது.

அமெரிக்க லோரிகளின் கதை

இந்த ஏற்றப்பலகை எவ்வளவு பெரிய நிறுவனங்களைக் கவிழ்த்திருக்கிறது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1998 அக்டோபரில் அந்நாட்டு அரசு, கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், வால்வோ உள்ளிட்ட ஏழு டீசல் எஞ்சின் தயாரிப்பாளர்களைப் பிடித்தது. 13 லட்சம் எஞ்சின்களில் ஒரு தந்திரம் நடந்திருந்தது. சோதனையின்போது எஞ்சின் ஒழுங்காக நடந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடத் தொடங்கியதும், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கணினி வேறு முறைக்கு மாறிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு மூன்று மடங்குவரை வெளியேறும். அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர். அதோடு, 2004ஆம் ஆண்டில் வரவிருந்த கடுமையான வரம்பை 2002 அக்டோபரிலேயே நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

அவகாசம் குறைவு. பெரும்பாலான நிறுவனங்கள் கூலரோடு கூடிய இ.ஜி.ஆரைப் பொருத்தின. புது எஞ்சின்களை நம்பாத போக்குவரத்து நிறுவனங்கள், அக்டோபருக்கு முன்பே பழைய வகை லோரிகளை அடித்துப்பிடித்து வாங்கிக் குவித்தன. காற்றைச் சுத்தமாக்க வந்த சட்டத்தால் முதலில் விற்றுத் தீர்ந்தவை பழைய எஞ்சின்களே.

2010ஆம் ஆண்டில் வரம்பு மேலும் இறுகியது. 1998இல் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 4 கிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு, 0.2 கிராமுக்கு இறங்க வேண்டும். இருபதில் ஒரு பங்கு! மற்ற நிறுவனங்கள் வேறொரு வழிக்குப் போயின. புகைக்குழாயில் யூரியா கரைசலைத் தெளித்து, அங்கே ஒரு வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கும் முறை அது. 'அட்புளூ' என்ற பெயரில் லோரிக்காரர்கள் இப்போது ஊற்றும் கரைசல் அதுதான்.

நேவிஸ்டார் என்ற நிறுவனம் மட்டும் "யூரியா வேண்டாம், இ.ஜி.ஆர். ஒன்றே போதும்" என்று பிடிவாதம் பிடித்தது. சொன்ன காரணம் கவர்ச்சியானது. ஓட்டுநர் தனியாக ஒரு கரைசலைச் சுமக்க வேண்டியதில்லை, அது தீர்ந்துபோகுமே என்ற கவலை இல்லை. ஆனால், அதிகமான புகையை உள்ளே திருப்பத் திருப்ப, வெப்பமும் கரியும் எஞ்சினுக்குள்ளேயே குவிந்தன. 0.2 கிராம் வரம்பை அந்த எஞ்சினால் எட்டவே முடியவில்லை. முன்பு சேமித்திருந்த மாசுச் சலுகைப் புள்ளிகளைச் செலவழித்து விற்பனையை ஓட்டினார்கள். புள்ளிகள் தீரும் நேரம் வந்தபோது, அபராதம் கட்டி விற்றுக்கொள்ள அரசு ஒரு வழி திறந்துவிட்டது. போட்டி நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2012 ஜூனில் அந்த வழியையும் நீதிமன்றம் செல்லாது என்றது. ஜூலையில் நேவிஸ்டார் யூரியா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. ஆகஸ்டில் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அந்த லோரிகளை வாங்கிப் பழுதுபார்த்தே ஓய்ந்துபோன உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு, பின்னர் 13 கோடியே 50 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இ.ஜி.ஆர். தோற்றுவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. பாதி வேலையைச் செய்யப் பிறந்த ஒன்றின் தலையில் முழு வேலையையும் ஏற்றினார்கள். இன்று விற்பனையாகும் பல டீசல் எஞ்சின்களில் இ.ஜி.ஆர்., கரி வடிகட்டி, யூரியா முறை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. இ.ஜி.ஆரை முழுவதுமாக விட்டுவிட்டு, யூரியாவை மட்டும் நம்பும் லோரி எஞ்சின்களும் உண்டு.

"எஞ்சின் கெட்டுவிடும்" என்ற வாதம்

2015 செப்டம்பரில் வெடித்த வோல்க்ஸ்வேகன் விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்கள் அதில் சிக்கின. செய்திகளில் 'ஏமாற்றும் மென்பொருள்' என்று மட்டுமே சொன்னார்கள். அந்த மென்பொருள் எதை ஏமாற்றியது? ஐரோப்பாவில் விற்ற கார்களில் அது திருகியது இதே இ.ஜி.ஆர். வால்வைத்தான். சோதனைச் சாலையின் ஓட்டமுறையைக் கண்டுகொண்டால் வால்வை நன்றாகத் திறந்து புகையை அதிகம் திருப்பும். நிஜச் சாலையில் திருப்பும் அளவைக் குறைத்துவிடும்.

ஏன் அப்படி? ஐரோப்பிய நீதிமன்றத்தில் எழுந்த வாதம் கேட்பதற்குப் புதிதல்ல. எப்போதும் புகையைத் திருப்பினால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும், சீக்கிரம் கிழடாகும், எனவே அதைக் காப்பதற்காக என்பதுதான். பட்டறையில் தகடு வைத்து அடைப்பவர் சொல்லும் அதே காரணம், கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. 2020 டிசம்பர் 17ஆம் தேதி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அடைப்பதும் தேய்வதும் எஞ்சின் ஓடுவதில் இயல்பாக நடப்பவை, திடீர் விபத்து அல்ல. அதைக் காரணம் காட்டி மாசுக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்க முடியாது என்பது தீர்ப்பு.

2022 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு. சில கார்களில் வெளியே வெப்பம் 15 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையில் இருந்தால் மட்டுமே இ.ஜி.ஆர். முழுமையாக வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். ஐரோப்பாவின் குளிரில் ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். அதையும் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. கோலாலம்பூரின் நண்பகல் வெயில் 33 டிகிரியை எத்தனை நாள் தாண்டுகிறது என்று எண்ணிப் பார்த்தால், மேல் எல்லையின் பொருளும் விளங்கும்.

எஞ்சினைக் காக்க வேண்டும் என்ற கவலை பொய் அல்ல. இ.ஜி.ஆர். ஆபத்தில் முடிந்த நிகழ்வும் உண்டு. 2018ஆம் ஆண்டில் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. முன்னே சொன்ன அந்தக் கூலரில் நீர் கசிந்து, கரியோடு கலந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்ததாக நிறுவனம் விளக்கியது. ஜூலையில் 1 லட்சத்து 6 ஆயிரம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கார்களைச் சில வாகன நிறுத்துமிடங்கள் உள்ளே விட மறுத்தன. சோதிக்கப்படாத கார்களைச் சாலையில் ஓட்ட அரசு ஆகஸ்டில் தடை விதித்தது. அக்டோபருக்குள் உலகம் முழுவதும் திரும்ப அழைத்த எண்ணிக்கை 16 லட்சத்தை எட்டியது. ஆனால், அந்தக் கார்களுக்குச் செய்யப்பட்ட பரிகாரம் என்ன? கூலரை மாற்றினார்கள். இ.ஜி.ஆரை அடைக்கவில்லை.

ஒரு தகட்டின் கணக்கு

இனி மேம்பாலத்தில் புகையில்லாமல் ஏறிய அந்த லோரிக்கு வரலாம். இ.ஜி.ஆர். குழாயின் நடுவே ஒரு சிறு இரும்புத் தகட்டை வைத்து முடுக்கிவிட்டால் போதும். புகை திரும்பாது. எஞ்சின் கணினி விளக்கைப் போட்டு எச்சரித்தால், அதன் மென்பொருளையும் மாற்றிக்கொடுக்க ஆள் உண்டு. உரிமையாளருக்கு உடனே பலன் தெரியும். குழாயில் தார் படிவதில்லை, எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கறுப்பதில்லை, மேட்டில் இழுவை கூடுகிறது. அதைவிட முக்கியமாக, கரும்புகை குறைகிறது. "பாருங்கள், இப்போதுதான் வண்டி சுத்தம்" என்று பட்டறைக்காரர் சொல்வார். கண்ணால் பார்ப்பவருக்கு அது உண்மையாகவே தெரியும்.

சோதனை நிலையத்திலும் அப்படித்தான். வர்த்தக வாகனங்களை ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது, எஞ்சினை முடுக்கி, புகை எவ்வளவு கறுப்பு என்பதைக் கருவி அளக்கிறது. ஒளி எவ்வளவு மறைகிறது என்பதே கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடு ஒளியை மறைப்பதில்லை. இ.ஜி.ஆர். அடைத்த லோரி அந்தச் சோதனையில் தோற்காது. அடைக்காத லோரியைவிட நல்ல மதிப்பெண்கூட வாங்கக்கூடும். விதியை மீறியவருக்குச் சான்றிதழும், ஒழுங்காக வைத்திருப்பவருக்குத் தலைவலியும் தரும் சோதனை இது.

இப்படி அடைப்பதன் மொத்தக் கணக்கை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2020 நவம்பரில் போட்டுக் காட்டியது. பத்தாண்டுகளில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமான டீசல் பிக்அப் வாகனங்களில் இ.ஜி.ஆர்., வடிகட்டி போன்ற மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளை நீக்கியிருந்தார்கள். அவற்றின் ஆயுட்காலத்தில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு 5 லட்சத்து 70 ஆயிரம் டன் என்று மதிப்பிடப்பட்டது. ஒவ்வொருவரும் வைத்தது ஒரு சின்னத் தகடுதான்.

லோரி முதலாளியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கூலரை மாற்றினால் ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும், வண்டி நிற்கும் நாள்களுக்கு வாடகையும் போகும். தகட்டின் விலையோ சில வெள்ளி. இலாபம் அவருக்கு, நட்டம் சாலையோரத்தில் இருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை பட்டறைக்கு வந்து பேரம் பேசுவதில்லை.

அடைக்காமலே இந்த அமைப்பை நெடுநாள் ஓட்ட முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறிப்பேட்டில் சொன்ன தரத்தில் எண்ணெயை ஊற்றி, சொன்ன தூரத்தில் மாற்றுவது முதல் வேலை. வால்வையும் உள்ளிழுக்கும் குழாயையும் இழுவை குறைந்தபின் அல்ல, அதற்கு முன்பே கழற்றித் துடைக்க வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் ரேடியேட்டர் நீர் மட்டும் குறைந்துகொண்டே போனாலோ, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தாலோ, கூலரின் தகடு ஓட்டையாகியிருக்கலாம். அதை அலட்சியம் செய்தால் நீர் எஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிடும், செலவு பத்து மடங்காகும். நகருக்குள்ளேயே சுற்றும் வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுவதும் கரியை ஓரளவு எரித்துத் தள்ள உதவும்.

ஆய்வு முறையும் மாறத் தொடங்கியிருக்கிறது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 2022, 2023ஆம் ஆண்டுகளிலிருந்து டீசல் வாகன ஆய்வில் புகையின் கறுப்பை நம்புவதை விட்டுவிட்டு, அதில் உள்ள நுண்துகள்களை எண்ணும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். வடிகட்டியைக் கழற்றியவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். இ.ஜி.ஆர். அடைத்தவர்கள் அதிலும் தப்பிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க, புகைக்குழாயிலேயே நைட்ரஜன் ஆக்சைடை அளக்க வேண்டும். அந்தச் சோதனையையும் வழக்கமான வாகன ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்மொழிந்தது.